துரைப்பாலத்தின் உள்பக்கம்

நிர்மலா என் அக்கா மருதம்மாளின் மகள். அக்காவுக்குப் பிறந்தது மூன்று. தங்கியது இவள் ஒருத்திதான். நாங்கள் தறிக்காரக் குடும்பம். பெண் பிறந்தால் வள்ளி, ஆண் பிறந்தால் மயில்சாமி, பழனிச்சாமி என்று முருகனை விட்டு நகராத கூட்டம். அப்படியிருக்க இவளுக்கு மட்டும் நிர்மலா என்று எப்படி வந்தது என்றால், இரண்டு போய் மூன்றாவதைக் காப்பாற்றிக் கொடுத்த நர்ஸம்மாவின் பேர் அது. மச்சான் ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்துவிட்டார். முருகன் பேர்தானே வைக்க வேண்டும் என்று அக்கா சொன்னதற்கு, "முருகன் கோவிச்சுக்க மாட்டாரு, நர்ஸம்மாவ அனுப்புனதே அவருதான்" என்றாராம்.

ஆறாவதோடு படிப்பு நின்றது. மச்சானுக்கு இருமல் வந்து தறியில் உட்கார முடியாமல் போனபோது நிர்மலாவுக்குப் பதின்மூன்று வயது. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேன் ஏறினாள். முதலில் பிசிறு வெட்டுகிற வேலை. அப்புறம் மடிப்பது, அப்புறம் செக்கிங். செக்கிங்கில்தான் அவள் கை நின்றது. இன்றைக்கும் அதே வேலைதான். ஐம்பத்தொரு வயதில் இருபது பெண்களுக்கு மேலாளாக நிற்கிறாள்.

செக்கிங் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே மேஜை, மேஜைமேல் பனியன் குவியல். ஒவ்வொன்றையும் எடுத்து முதலில் உள்பக்கம் திருப்ப வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு காட்டுகிற இடத்தைப் பார்த்து அடுத்தவர்கள் சரி செய்வார்கள்.

"வெளிப்பக்கம் எல்லாரும் நல்லாத்தானுங்க மாமா இருப்பாங்க. உள்பக்கம் திருப்பாம ஒண்ணையும் பாஸ் பண்ணக்கூடாது" என்றாள். பனியனைத்தான் சொன்னாள்.

அந்தக் கம்பெனிக்குத் துணி கொண்டுவந்து போடும் நிட்டிங் யூனிட்டில் பிரபாகர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். செங்காட்டுப்புதூர்க்காரன். நாலைந்து தலைமுறையாக வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தங்கதுரைக்கு ஊருக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமி. நிர்மலாவும் பிரபாகரும் தொண்ணூற்றாறில் மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை போகவில்லை. தாய்மாமன் நான், போயிருக்க வேண்டியவன், நானும் போகவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது. பேத்தி யாழினி பிறந்து, அக்கா திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உன்ற மூக்குடா தம்பி அந்தப் புள்ளைக்கு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மனசு இளகியது. ஆனாலும் வீட்டுப்படி ஏறவில்லை.

ஏறியது பிரபாகர் செத்த அன்றைக்கு. மஞ்சள்காமாலை, நாற்பத்திரண்டு வயது. எங்கள் வழக்கத்தில் தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி வர வேண்டும். அண்ணன் தம்பி இல்லாதவளுக்கு யார் கொண்டுபோவார்கள்? வெள்ளைச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். வேதக்காரர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. அடக்கப் பூசைக்கு வந்த சாமியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தங்கதுரைதான், "வாங்க சம்மந்தி, போடுங்க" என்றார். பதினாறு வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. துரைப்பாலத்துக்குத் தென்கரையில் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மண் தள்ளி முடிந்ததும் நிர்மலா பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, "அது எனக்குங்க மாமா" என்றாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய்க் களை பிடுங்கிவிட்டு, கம்பெனியில் அந்த வாரம் நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். யாழினியைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, மாமனாரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் பேசுவதற்கு அந்த இடம்தான். அவளுக்குத் துணையாகப் பக்கத்துத் தெருவில் குடிவந்த எனக்கு மிச்சமீதிப் பேச்சு கிடைக்கும்.

துரைப்பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலிபாளையம் பக்கமிருந்து வருகிறவர்கள் வழி கேட்டால், "துரைப்பாலம் தாண்டி" என்றோ "துரைப்பாலத்துக்கு இக்கட்ட" என்றோதான் சொல்வோம். மழைக்காலத்தில் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தின் குறுக்கே மூன்று கண் வைத்த கல்பாலம். நடுக்கண்ணுக்கு மேலே சலவைக்கல்லில் இங்கிலீஷ் எழுத்து: ஹார்வுட் என்கிற துரையின் பேர், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு என்று வருஷம். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க அவிநாசியிலிருந்துகூட வருவார்கள். அழகுதான். ஆனால் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். போன வருஷம் கன்டெய்னர் லாரி ஒன்று மாட்டி ஒரு பகல் முழுக்க நின்றது.

அதனால் புதுப்பாலம் என்று முடிவானது. அளக்க வந்த என்ஜினியர் இரண்டு வழி சொன்னார். பழைய பாலத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் அகலமாகக் கட்டுவது ஒன்று. அப்படியென்றால் தென்கரையில் அறுபது அடி எடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் முன்பாதி போகும். நூறடி மேற்கே தள்ளிப் புதிதாகக் கட்டிவிட்டு, பழையதை நடக்கிறவர்களுக்கு விடுவது இரண்டாவது. "எது வேணும்னு கிராம சபையில தீர்மானம் போட்டுக் குடுத்துருங்க. அத வெச்சு மேல எழுதறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிராம சபை ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி. ஒரு மாதம் இருந்தது.

பிரபாகர் இருப்பது முன்பாதியில்.

ஊரில் பாதிப்பேர் எதுவானாலும் சரி என்றுதான் இருந்தார்கள். இடிக்கத்தான் வேண்டும் என்று பரணிதான் ஒரே பிடியாக நின்றான். பரணி, கீழூடு என்று சொல்கிற கீழ்வீட்டுச் சண்முகவேலின் மகன். என்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் யூனிட்டைப் பார்க்கிறவன். கெட்ட பையன் இல்லை. இரத்ததானம், மரம் நடுவது எல்லாவற்றிலும் முன்னால் நிற்பான். புத்தகமும் நிறையப் படிப்பான்.

"ஏனுங்க ஐயா, தாது வருசப் பஞ்சத்துல நம்ம சனம் கொத்துக்கொத்தாச் செத்துட்டிருந்தப்ப, வெள்ளைக்காரன் தானியத்தக் கப்பல்ல ஏத்துனான். அப்பக் கட்டுன பாலமுங்க இது. சுதந்திரம் வாங்கி இத்தன வருசமாச்சு. இன்னும் 'துரைப்பாலம் தாண்டி வா'ங்கறோம். வெக்கமா இல்லீங்களா?" என்று டீக்கடையில் என்னையே கேட்டான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. தாது வருஷத்தில் எங்கள் வகையில் பதினோரு பேர் போனார்கள் என்று என் அப்பாரு, அப்பாவின் அப்பா, சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டேன். நிர்மலா மூடவில்லை. வேலை முடிந்து பால் வாங்க வந்தவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பயம் அவளை அப்படிப் பேச வைத்துவிட்டது.

"அந்தத் துரை புண்ணியவான் கட்டலீன்னா நாம இன்னிக்கும் பள்ளத்துல முட்டிக்கால் தண்ணியிலதான் எறங்கிப் போகோணும், பரணி. கட்டுனவன வெய்யாத."

கடையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பெஞ்சிலிருந்த ஒருத்தன், "அப்பறம்? அவங்க வேதக்காரங்க, துரைக்குப் பரிஞ்சுதான பேசுவாங்க. மாமனாரு பேருலயே துரை இருந்துச்சல்லொ" என்றான். சிரிப்பு. பரணி சிரிக்கவில்லை. ஆனால், "பாத்தீங்களா, இதுதாங்க நான் சொல்றது. இன்னும் மண்டைக்குள்ள துரை உக்காந்திருக்கறாரு" என்றான்.

வீட்டுக்கு வந்து பால் பையை மேடையில் வைத்தவள் அப்படியே நின்றாள். "நானே கெடுத்துட்டனுங்க மாமா. இது வரைக்கும் அது பாலத்துப் பேச்சா இருந்துச்சு. இப்ப எங்க சனத்துப் பேச்சா ஆக்கிப்போட்டேன்" என்றாள். அது சரிதான். மறுநாளிலிருந்து ஊரில் பேச்சு வேறு மாதிரி போனது. கல்லறை என்று அவள் வாயைத் திறந்தால், "அதுக்குத்தான் துரைக்குக் கொடி பிடிக்கறீங்களா" என்பார்கள். திறக்காவிட்டால் இடம் போகும்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். போன் வந்தது. "மாமா, பாலத்துக்குச் சித்த வாங்க. கீழ வரோணும். தடி எடுத்துக்கோங்க."

கல்லறைத் தோட்டத்தில் இருந்தவள் திடீர் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் பள்ளத்தில் இறங்கிப் பாலத்தின் கீழே நின்றிருக்கிறாள். பள்ளத்தில் தண்ணீர் இல்லை. செங்காட்டுப்புதூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷத்தில் அந்தப் பாலத்தின் அடியில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. நான் மட்டும் என்ன, நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு அதன்மேல் இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவன். ஒருநாளும் கீழே இறங்கியதில்லை.

போய்ப் பார்த்தால், நடுக்கண்ணின் உள்வளைவு முழுக்கச் சிவப்பு அம்பு. கைப்பையில் எப்போதும் கிடக்கிற ஸ்டிக்கர் சுருளை எடுத்து, எட்டுகிற இடத்தில் எல்லாம் ஒட்டி வைத்திருந்தாள்.

"என்ன அம்மணி இது, பாலத்த செக்கிங் பண்ணிட்டியா?"

"வெளையாடாதீங்க மாமா. அம்பு காட்டற எடத்தப் பாருங்க. மொதல்ல வெடிப்புன்னு நெனச்சேன். வெடிப்பு இப்படி ஒரே மாதிரி அங்கங்க வராதல்லங்க?"

பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து கல் தெரிந்த இடங்களில் கோடுகள். உளியால் வெட்டியவை. ஒன்று பிறை, பக்கத்தில் புள்ளி. ஒன்று சூலம் மாதிரி. ஒன்று வட்டத்துக்குள் கோடு. எழுத்து எதுவும் இல்லை. தடியைச் சாய்த்து வைத்துவிட்டு நெருங்கிப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவனுக்கு அவை கிறுக்கல். மாட்டுவண்டிக்காரனுக்கு அப்படியில்லை.

"அம்மணி, இது சூட்டுக்குறி. மாட்டுச் சூடு!"

கொங்குப் பக்கத்தில் மாடு வைத்திருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. கன்று வளர்ந்ததும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொடையில் போடுவார்கள். கண்ணபுரம் சந்தையில் ஆயிரம் மாடு நின்றாலும் தொடையைப் பார்த்து இது இன்னார் வீட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம். கல்லை இழுத்து வந்தவர்கள், எந்தக் கல் யார் வீட்டு எருது இழுத்தது என்று தெரிவதற்கு அதே குறியை அதிலும் போட்டிருக்கிறார்கள். இழுத்த கல்லுக்குத் தானியம் அளந்திருப்பார்கள் போல. பேர் எழுதத் தெரியாத சனம் வேறு என்ன செய்யும்?

நாற்பத்திரண்டு அம்பு. பாதிக்கு மேல் எனக்கு வீடு தெரிந்தது. நிர்மலா கல்மேல் கையை வைத்துக்கொண்டு, "இத எல்லாரும் பாக்கோணுங்க" என்றாள்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. கிழவன் கிழவிகள் பள்ளத்தில் இறங்க மாட்டார்கள். போனில் எடுத்த படம் இருட்டாக விழுந்தது. அவள் கம்பெனிக்குப் பனியனில் படம் அச்சடித்துக் கொடுக்கிற ஜெயபாண்டியிடம் கேட்டாள். தேனிப் பக்கத்து ஆள், திருப்பூர் வந்து முப்பது வருஷம்.

"இதென்னக்கா பெரிய விசயம்? நீங்க துணி மட்டும் குடுங்க. அச்சு அசல் அப்பிடியே எடுத்துருவோம்" என்றான்.

சனிக்கிழமை வந்தான். தண்ணீரில் கரைகிற கறுப்பு இங்க்கைக் கல்மேல் லேசாகப் பூசி, வெள்ளை பனியன் துணியை அதன்மேல் பரப்பி, கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். கறுப்பில் வெள்ளைக் கோடாகக் குறிகள் விழுந்தன. நல்ல மெல்லிய துணி. பதினெட்டுக் குறி எடுத்துக் கல்லையும் கழுவிவிட்டான். காய்ந்ததும் நிர்மலா ஒன்றோடொன்று தைத்து ஒரு ஜமக்காளம் மாதிரி ஆக்கி, மடித்து வைத்துவிட்டாள். காயும்போது குறிகளை ஒருதரம் பார்த்திருக்க வேண்டியவன் நான், தூங்கிக்கொண்டிருந்தேன். என் தப்பு அது.

பதினைந்தாம் தேதி, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் சபை. கூடம் நிறைந்து வாசலிலும் நின்றார்கள். ஊராட்சித் தலைவர் சித்ராதேவி இரண்டு வழியையும் வாசித்தாள். பரணி எழுந்து தன் பக்கத்தைச் சொன்னான். நன்றாகவே பேசினான். கைதட்டினார்கள். "அந்தப் பாலத்துல நம்முளுதுன்னு ஒரு கல்லு உண்டுங்களா? இருந்தாச் சொல்லட்டும், நான் உக்காந்துக்கறேன்" என்று முடித்தான்.

நிர்மலா எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை, நின்ற இடத்திலேயே, "இருக்குதுங்க" என்றாள். நானும் ஜெயபாண்டியும் ஆளுக்கொரு முனையாகத் துணியை விரித்தோம். "பாலத்துக்கு அடியில இருக்கற குறிங்க இது. நம்ம சனம் மாட்டுக்குப் போட்ட சூடு. உங்க உங்க ஊட்டுக் குறியப் பாத்துக்கங்க."

கூட்டம் நெருங்கியது. சண்முகவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருக்கு அவர் வீட்டுக் குறி நன்றாகத் தெரியும்; அவர் அப்பாரு காலம்வரை போட்டிருக்கிறார்கள். வலப்பக்கம் வாய் திறந்த பிறை, வாயருகே புள்ளி. கீழூடு. அதே வம்சத்தில் ஆறேழு தலைமுறைக்கு முன்னால் அண்ணன் தம்பி பிரிந்தபோது, மூத்தவர்கள் பிறையை இடப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அது மேலூடு. இரண்டு வீட்டுக்கும் கிணற்றுத் தகராறில் நாற்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

துணியில் பிறை ஐந்து இருந்தது. நாலு இடப்பக்கம் பார்த்திருந்தது.

மேலூட்டுக் கிழவர் ஒருவர் தொடையைத் தட்டினார். "அட்றா சக்க! பாலம் எங்களுதப்பா! கீழூட்டுக்காரன் ஒத்தக் கல்லு இழுத்திருக்கறான், அதுவும் நாங்க தள்ளிவிட்டிருப்போம்!"

"வாய மூடுங்க" என்று சண்முகவேல் சீறினார். "எங்க ஊட்டு எருதுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல சோடியே கெடையாது. உங்க ஊட்ல அப்ப இருந்ததே ரெண்டு கெழட்டு மாடு. இது பொய்க்குறி!"

சூலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் அந்த வீட்டுக்காரர்களுக்குச் சரியாக இருந்தது. ஆனால் கொக்கிக் குறிக்காரர்கள் முழிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கொக்கி இந்தப் பக்கம் திரும்பாது. இன்னொருத்தர், "எங்குளுது என்ன, கண்ணாடியில பாத்த மாதிரி கெடக்குது?" என்றார். சத்தம் ஏறியது. பரணி முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் உங்களத் தப்பா நெனச்சதில்ல. ஆனா யாரோ சொன்னதக் கேட்டு அரைகுறையாத் துணியில வரைஞ்சு கொண்டாந்து, ஊர ஏமாத்தலாம்னு பாக்கறீங்களே, இது நியாயமுங்களா?"

ஜெயபாண்டி துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறான். "ஸ்கிரீன்ல அடிச்சா நேராத்தானய்யா விழும்... நான் வரையலண்ணே, சத்தியமா" என்கிறான். அவனுக்குப் புரியவில்லை. முப்பது வருஷமாக அவன் அச்சடித்த எதுவும் திரும்பி விழுந்ததில்லை. கல்லில் மை பூசித் துணியை ஒற்றினால் வலது இடதாகும் என்று அவன் எதற்கு யோசிக்கப் போகிறான்?

நிர்மலாவின் கை துணியின் ஓரத்தைப் பிடித்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிறதை அந்தக் கை அங்கேயும் செய்தது. துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டாள்.

மெல்லிய துணி அல்லவா, மை ஊறி மறுபக்கமும் வந்திருந்தது. கொஞ்சம் மங்கல்தான். பிறை நாலு வலப்பக்கம் பார்த்தது.

சண்முகவேல், "ஹா!" என்றார். அவ்வளவுதான் வந்தது. மேலூட்டுக் கிழவர், "அட, திருப்புனதுல எங்க கல்லையெல்லாம் அக்கட்ட அனுப்பிப்போட்டியே அம்மணி" என்றதும் சிரிப்பு வெடித்தது. மேலூட்டுக்காரர் பேச்சுக்குச் சண்முகவேல் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பரணி சிரிக்கவில்லை. "துணியத் திருப்பினா எதுவும் மாறும். நான் கல்லப் பாக்கோணும்" என்றான்.

"வா, பாக்கலாம்" என்றாள் நிர்மலா.

சித்ராதேவி சபையை ஒத்திவைத்தாள். நூற்றைம்பது பேர் கொடி குத்திய சட்டையோடு பள்ளத்தை நோக்கி நடந்தோம். இறங்க முடிந்தவர்கள் இறங்கினார்கள். அம்பு எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. "இக்கட்ட பாரு", "எங்குளுது இங்கிருக்குது" என்று அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டார்கள். பரணி பிறையைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் அதன் வளைவைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

"எங்க மாடு இழுத்துருக்குது. பேரு மட்டும் அவன் போட்டுக்கிட்டான்" என்றான். முன்னைவிடக் கோபமாகத்தான் சொன்னான். "பஞ்சத்துல பட்டினி கெடக்கற மாட்ட வெச்சு இழுக்க உட்டு, ஒரு படி தானியத்த அளந்துட்டு..."

"அதுக்குத்தான் இடிக்கோணுங்கற?" என்றார் அவன் அப்பா.

"இடிச்சா அவனுக்கு என்னங்கப்பா நட்டம்? அவன் பேரு லண்டன்ல எங்கியாச்சும் இருக்கும். நம்ம குறி இங்க மட்டுந்தான இருக்குது." கல்லிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்.

நிர்மலா அப்போதுதான் பேசினாள். "இன்னொண்ணுங்க. மாடு இல்லாத சனம் தலையில சொமந்த சின்னக் கல்லு இங்க நெறைய இருக்குது. அதுல ஒரு குறியும் இல்லீங்க. அந்தப் பஞ்சத்துல வேல செய்யறப்பவே செத்தவங்கள, தூக்கறதுக்குச் சொந்தம் இல்லாதவங்கள, என்ன சாமி கும்பிட்டவங்கன்னு கேக்காம பாதிரியாரு இந்தக் கரையிலதான் பொதச்சாராம். எங்க மாமனாரு சொல்லுவாரு, தோட்டம் தொடங்குனதே அப்பத்தான்னு. குறி இருக்கறவங்க பாலத்துல இருக்கறாங்க. இல்லாதவங்க அந்த மண்ணுல இருக்கறாங்க. அன்னிக்கு டீக்கடையில நான் துரையப் புண்ணியவான்னு சொன்னது தப்புதானுங்க. எனக்குப் பயம். என்ற ஊட்டுக்காரரு அங்க இருக்கறாரு. அதத்தான் சொல்லியிருக்கோணும். சொல்றதுக்கு வாய் வரல."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் மாமனார் பேரைச் சொல்லிச் சிரித்தவன் அங்கேதான் நின்றிருந்தான். கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி கூடத்தில் போய் உட்கார்ந்து, நூறடி மேற்கே என்று தீர்மானம் எழுதினார்கள். துரையின் சலவைக்கல்லைப் பெயர்த்துவிட வேண்டும் என்று பரணி விடாமல் நின்றான். கல் கிடக்கட்டும், அதைப் பெயர்த்தால் யார் எதற்குப் பட்டினி கிடந்தார்கள் என்பதும் தெரியாமல் போகும் என்று சிலர் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் அதற்கே போனது. கடைசியில் சித்ராதேவி, "அது அங்கயே இருக்கட்டும். பக்கத்துல அதவிடப் பெருசா நம்முளுது ஒரு கல்லு வெப்போம். அத்தன குறியையும் திருமுருகன்பூண்டிச் சிற்பிங்ககிட்ட குடுத்து வெட்டச் சொல்லலாம்" என்றாள். பரணி ஒத்துக்கொண்டான். ஆனால் புதுக் கல்லுக்கு மேலே 'தாது வருஷப் பஞ்சத்தில்' என்று போட வேண்டும் என்றான். அதற்கு எதிர்ப்பு இல்லை. துரை நல்லவனா கெட்டவனா என்ற பேச்சு மட்டும் இன்னும் டீக்கடையில் ஓய்ந்தபாடில்லை.

தீர்மானம் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். நிர்மலா நினைக்கவில்லை. காகிதம் மேலே போய் என்ன ஆகுமோ என்று ஐப்பசி முடிகிறவரை அதே கவலையாக இருந்தாள். கார்த்திகை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சர்வேக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கியதாகப் பரணியே போன் செய்தான். கம்பெனிக்குக் கிளம்பியவள் வேனை அனுப்பிவிட்டு என்னோடு நடந்து வந்தாள். தென்கரையில் நின்றோம். சங்கிலி பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பள்ளத்தோரமாக மேற்கே போனார்கள், போனார்கள், வேலமரப் புதரைத் தாண்டியும் போனார்கள். அங்கே அக்கரையில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். இக்கரையில் இன்னொன்று. கல்லறை வேலியிலிருந்து அது நல்ல தூரம்.

"அவ்வளவுதானுங்களா?" என்று அளந்தவரைக் கேட்டாள்.

"அவ்வளவுதாம்மா. இனி இது மாறாது. டெண்டரே இதுக்குத்தான்."

வேலியோரம் இருந்த கல்மேல் உட்கார்ந்தாள். நான் அழப்போகிறாள் என்று நினைத்துத் துண்டை எடுத்தேன். அழவில்லை. மூச்சை இழுத்து விட்டாள், மறுபடி இழுத்து விட்டாள். பின்னால் பிரபாகர் இருக்கிற பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"மாமா, கொலப்பசி பசிக்குதுங்க" என்றாள். "மூணு மாசமாப் பசியே தெரியல. ஏதாச்சும் வாங்கித் தாங்க."

முக்குக்கடைக்குக் கூட்டிப் போனேன். ஐந்து இட்லி, இரண்டு வடை, அதன்மேல் ஒரு தோசை. என் தட்டிலிருந்த அரை வடையையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.